வெந்நீரா, தூக்கமா, டீயா: வலிப்பு ஏன் அன்றைக்கு மட்டும் வருகிறது?

14 நவம்பர் 2023, காலை 9:12 (கேள்வி)

அக்கா பையனுக்கு 8 வயசு. தீபாவளி அன்று விடிகாலை 4 மணிக்கு எழுப்பி, எண்ணெய் வைத்து, அண்டாவில் காய்ந்த வெந்நீரை அம்மா தலையில் ஊற்றினார்கள். நாலாவது சொம்புக்குப் பையன் ஒரே இடத்தை வெறித்துப் பார்த்தான். வாய் சப்புக்கொட்டியது. கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இதே மாதிரி. "எண்ணெய் ஒத்துக்கலை" என்கிறார் அம்மா. வெந்நீரால் ஃபிட்ஸ் வருமா? வரும் என்றால் ஊரில் எல்லோருக்கும் வர வேண்டாமா?

14 நவம்பர் 2023, இரவு 10:50

வரும். வெந்நீர் வலிப்பு என்றே அதற்குப் பெயர். எண்ணெய் பாவம், அதை விட்டுவிடுங்கள்.

உலகத்தில் பல இடங்களில் அபூர்வமாகச் சொல்லப்படுவது நம் பக்கம், குறிப்பாகக் கர்நாடகத்தில், அதிகம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையின் மருத்துவர்கள் 1988-லேயே 279 பேரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்குத்தான் கூடுதல். 40 முதல் 50 டிகிரி வரை சூடான தண்ணீரைத் தலையில் மளமளவென்று ஊற்றும்போது வருகிறது. உடம்புக்கு மட்டும் ஊற்றினால் பெரும்பாலும் வருவதில்லை. சொம்பு சொம்பாக உச்சந்தலையில் கொட்டுவது நம் குளியல்தானே. துருக்கியிலும் நிறைய பதிவாகியிருக்கிறது, அங்கேயும் தலைக்கு மொண்டு ஊற்றும் வழக்கம் உண்டு.

வெறித்துப் பார்த்தது, சப்புக்கொட்டியது, பதில் இல்லாதது மூன்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். கை கால் இழுத்தால்தான் வலிப்பு என்று இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை வெதுவெதுப்பான தண்ணீர், தோளில் இருந்து கீழே. தலையைத் தனியாக ஈரத்துணியால் துடைத்தால் போதும். குளியலறைத் தாழ்ப்பாள் போட வேண்டாம். சிலருக்குத் தலைக்குளியலுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் மட்டும் குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். அதை மருத்துவர் சொல்லட்டும், நான் சொல்லக் கூடாது.

"எல்லோருக்கும் வர வேண்டாமா" என்பது நல்ல கேள்வி. அதற்குத் தனியாக வருகிறேன்.

15 நவம்பர் 2023, காலை 7:30

"நீங்கள் டாக்டரா?" இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். 23 வருஷமாக வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவன். தகுதி அவ்வளவுதான்.

17 நவம்பர் 2023, இரவு 11:05

எப்படி வருகிறது என்று கேட்டவர்களுக்கு.

விசைத்தறிக் கூடத்துக்குள் நின்றிருக்கிறீர்களா? காது கிழியும். ஆனால் ஒவ்வொரு தறியும் தன் தாளத்தில் அடிக்கிறது. துணி நெய்வது அந்த ஒழுங்கற்ற இரைச்சலுக்குள்தான். திடீரென்று 40 தறியும் ஒரே நேரத்தில் ஒரே அடியாக அடிக்க ஆரம்பித்தால் சுவர் அதிரும், துணி வராது. வலிப்பு அதுதான். மூளைக்குச் சக்தி குறைந்து வருவதில்லை. ஏராளமான நரம்பணுக்கள் அளவுக்கு மீறி, ஒரே சீராகச் சேர்ந்து சுடுவதால் (மின்துடிப்பு விடுவதைத்தான் சுடுவது என்கிறேன்) வருகிறது.

ஒரு நரம்பணு சுட வேண்டுமானால் சோடியம் உள்ளே பாய வேண்டும். பொட்டாசியம் வெளியே போனால் அடங்கும். பக்கத்து அணுவை "நீயும் சுடு" என்று தூண்டுவது குளூட்டமேட். "சும்மா இரு" என்று அடக்குவது காபா. தூண்டல் மிஞ்சினால், அல்லது அடக்கல் குறைந்தால், ஒரு மூலையில் கிளம்பியது பரவும். ஒரு மூலையிலேயே நின்றால் கை மட்டும் துடிக்கலாம், விசித்திரமான வாசனை வரலாம், அந்தப் பையன் மாதிரி வெறித்து நிற்கலாம். இரண்டு பக்க மூளையையும் பிடித்தால் ஆளே விழுகிறான்.

லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1873-லேயே இதைச் சொல்லிவிட்டார்: மூளையின் சாம்பல் பகுதியில் திடீரென்று, அளவுக்கு மிஞ்சி நடக்கும் வெளியேற்றம் என்று. அப்போது ஈ.ஈ.ஜி. கிடையாது. ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்அலையைப் பதிந்து வெளியிட்டது 1929-ல். கை எங்கே துடிக்க ஆரம்பித்து எந்த வழியாக ஏறுகிறது என்று நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே அந்த மனுஷன் கண்டுபிடித்திருக்கிறார்.

18 நவம்பர் 2023, அதிகாலை 12:40

மேலே எழுதியதில் ஒரு சோம்பேறித்தனம். தராசு மாதிரி, தூண்டல் ஒரு தட்டு, அடக்கல் ஒரு தட்டு என்று முடித்துவிட்டேன். அவ்வளவு நேர்கோடு இல்லை.

பிள்ளைகளுக்கு வரும் ஒரு வகை இருக்கிறது. வகுப்பில் பத்து விநாடி வெறித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து எழுதும், வாத்தியார் "கவனம் இல்லை" என்று அடிப்பார். அதில் காபாவைக் கூட்டும் சில மருந்துகள் நிலைமையை மோசமாக்கும். மூளையின் நடுவில் தலாமஸ் அணுக்களை நன்றாக அமுக்கிவிட்டால், அமுக்கிய பந்து மாதிரி எல்லாம் சேர்ந்து துள்ளும். விநாடிக்கு 3 துள்ளல். அடக்குவதே ஒத்திசைய வைக்கிறது. பிறந்த குழந்தைகளின் முதிராத நரம்பணுக்களில் காபா அடக்குவதற்குப் பதில் தூண்டவும் செய்யும்.

ட்ரேவெ என்று ஒரு கொடுமையான குழந்தை வலிப்பு. நரம்பணுவுக்குள் சோடியம் பாயும் வாயில் (கதவு) ஒன்றின் மரபணுவில் கோளாறு. வாயில் கெட்டால் அணு சுடாது, வலிப்பு குறைய வேண்டும் என்றுதானே தோன்றும்? ஆனால் அந்த வாயிலை அதிகம் நம்பியிருப்பவை அடக்கும் வேலை செய்யும் அணுக்கள். காவல்காரனுக்கே பக்கவாதம். அதனால்தான் சோடியம் வாயிலை அடைக்கும் வழக்கமான மருந்துகள் அந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. காய்ச்சலும் சூடான குளியலும் அவர்களுக்கு வலிப்பைக் கிளப்பும். முதல் கேள்விக்கு ஒரு தூரத்துச் சொந்தம்.

18 நவம்பர் 2023, காலை 8:15

"தூக்கம் கெடக் கூடாது என்று சொல்லுகிற ஆள் ராத்திரி 12:40-க்கு எழுதுகிறீர்களே தம்பி" என்று ஒரு அக்கா. பிடிபட்டேன்.

19 நவம்பர் 2023, மாலை 6:20

என் கதை. ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது.

2000 ஏப்ரல். பாலிடெக்னிக் கடைசி வருஷப் பரீட்சை. இரண்டு ராத்திரி தொடர்ந்து விழித்துப் படித்தேன். மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், நடுக்கூடத்தில் படுத்திருக்கிறேன், நாக்கில் ரத்தம், தெருவே வாசலில் நிற்கிறது, உள்ளங்கையில் அப்பாவின் சாவிக்கொத்து. உடம்பெல்லாம் நெல் மூட்டை தூக்கின வலி. பரீட்சைக்குப் போகவில்லை.

ஒரு மருத்துவமனையில் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். நாலு வருஷம் சாப்பிட்டேன். விழுவது நிற்கவில்லை. காலையில் கை வெட்டி வெட்டி இழுப்பது அதிகமாகத்தான் ஆனது. அதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. வலிப்பு வேறு, இது ஏதோ நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் எழுதியிருக்குமே "நரம்புத் தளர்ச்சியா, அணுகவும்", அந்தக் கவலைகூட இருந்தது.

2004-ல் வேறொரு மருத்துவர். பழைய சீட்டுகளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "காலையில் எழுந்ததும் கையில் இருக்கிறது பறக்குமா? பிரஷ், சீப்பு?" என்றார். எனக்கு முன்னால் அம்மா சொன்னார்: "டம்ளர் சார். மூணு டம்ளர் நசுங்கியிருக்கு. தூக்கக் கலக்கம்னு இவனைத் திட்டிட்டிருந்தேன்." அப்புறம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு. பதின்வயதில் தொடங்கும். விழித்த ஒரு மணி நேரத்துக்குள் தோளும் கையும் வெட்டும். தூக்கம் கெட்டால் முழு வலிப்பாக மாறும். கார்பமசெபின் இதற்குக் கூடாத மருந்து, பலருக்கு அது வெட்டலைக் கூட்டும். வால்ப்ரோயேட்டுக்கு மாற்றினார்கள், ஒரே மாதத்தில் டம்ளர்கள் பிழைத்தன.

(அந்த வால்ப்ரோயேட் கண்டுபிடிப்பே ஒரு வேடிக்கை. 1962-ல் பிரான்சில் வேறு மருந்துகளைக் கரைக்கத் திரவமாக அதைப் பயன்படுத்தினார்கள். கரைத்த எல்லா மருந்தும் வலிப்பைத் தடுத்தது. அப்புறம்தான் தெரிந்தது, தடுத்தது கரைத்த திரவம்.)

2009-ல் ஐந்து வருஷம் ஒன்றும் வரவில்லை என்று நானே நிறுத்தினேன். ஏழு வாரம். கோவை பேருந்து நிலையத்தில் விழுந்தேன். இந்த வகை பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் திரும்பும் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

20 நவம்பர் 2023, பகல் 1:10

சாவிக்கொத்து பற்றிக் கேட்கிறார்கள். பெரும்பாலான வலிப்பு ஒன்று, இரண்டு நிமிஷத்தில் தானே அடங்கிவிடும். இரும்பைத் தேடி எடுத்து வந்து கையில் திணிக்கவும் அவ்வளவு நேரம் ஆகும். புகழ் இரும்புக்கு. ஸ்பூன், துணி, விரல் எதையும் வாயில் விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினால் அவசரம், வண்டி பிடியுங்கள்.

அப்பா அந்தக் கொத்தை இன்னும் வைத்திருக்கிறார். எந்தப் பூட்டுக்கும் அது இப்போது சேராது.

20 நவம்பர் 2023, இரவு 9:40

தானே அடங்குகிறது என்றால் எது அடக்குகிறது? ஒரே காரணம் இல்லை. சுட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் அமிலத்தன்மை ஏறும், அடினோசின் என்று ஒன்று சேரும். அடினோசின் நரம்பணுவைத் தூங்க வைக்கிற ஆள். வலிப்புக்குப் பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். டீயும் காப்பியும் மறிப்பது அந்த அடினோசினின் கதவைத்தான். ஆகவே டீயைக் குறையுங்கள். நான் 2010-லிருந்து டீயைக் கையால் தொடுவதில்லை.

21 நவம்பர் 2023, காலை 7:05

காக்காய்க்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், கால் கை வலிப்பு என்பதுதான் பேச்சில் தேய்ந்து காக்காய் ஆனது என்பார்கள். இதை நம்பி ஒரு உறவினர் எனக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கும் பரிகாரம் சொன்னார். வைத்தேன். காக்காய் நன்றாக இருக்கிறது.

24 நவம்பர் 2023, இரவு 10:15

கைக்குழந்தைக்குச் சளி என்று நீலகிரித் தைலம் துணியில் தடவிக் கழுத்தில் கட்டுவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். உடனே அவிழ்த்துவிடுங்கள்.

நீலகிரித் தைலம் என்பது யூகலிப்டஸ் எண்ணெய்தான். அதை முகர்ந்து வலிப்பு வந்தவர்களைப் பற்றி பெங்களூரு மருத்துவர்கள் 2017-ல் எழுதினார்கள். அதற்கு முன் வலிப்பே இல்லாதவர்களும் அதில் உண்டு. தலைவலித் தைலம், ஆவி பிடிக்கும் சொட்டு, எல்லாவற்றையும் மருத்துவர் கேட்டால்தான் சொல்கிறோம், அவரும் கேட்பதில்லை. கற்பூரம் அதைவிடப் பழைய குற்றவாளி. கற்கண்டு என்று நினைத்துக் குழந்தை கட்டிக் கற்பூரத்தை வாயில் போட்டால் வலிப்பு வரும். 1934-ல் புடாபெஸ்டில் மெதுனா என்ற மருத்துவர் மனநோய்க்குச் சிகிச்சையாக வேண்டுமென்றே வலிப்பை உண்டாக்கினார். முதலில் ஊசியில் ஏற்றியது என்ன தெரியுமா? எண்ணெயில் கரைத்த கற்பூரம்.

25 நவம்பர் 2023, காலை 6:50

"கோயிலில் ஆரத்தி காட்டினால் வலிப்பு வருமா" என்று பயப்பட வேண்டாம். நான் சொன்னது விழுங்குவதையும், குழந்தையின் மூக்குக்குப் பக்கத்தில் மணிக்கணக்காகக் கட்டி வைப்பதையும்.

26 நவம்பர் 2023, மாலை 4:30

"பன்றிக்கறி சாப்பிடுகிறவர்களுக்குத்தான் மூளையில் புழு வரும், நாங்கள் சுத்த சைவம்." இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை, எங்கள் கட்டிங் மாஸ்டர் முட்டைகூடத் தொடாதவர்.

சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டை பொரிந்து வரும் இளம்புழு. அந்த முட்டை, குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து கழுவாத கை வழியாக, கீரை வழியாக, தண்ணீர் வழியாக யார் தட்டுக்கும் வரும். சட்னிக்கு அரைக்கும் கொத்தமல்லிக்குச் சாதி தெரியாது. சி.டி. ஸ்கேனில் மோதிரம் மாதிரி சின்ன வளையம் தெரியும். முன்பெல்லாம் அதைக் காசநோய்க் கட்டி என்று மருந்து கொடுத்தார்கள். அதில் பெரும்பாலானவை இறந்துகொண்டிருக்கும் புழுக்கூடு என்று காட்டியதில் வேலூர் சி.எம்.சி.யின் ராஜசேகர் குழுவுக்குப் பெரிய பங்கு. வேலூர்ப் பக்கம் வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்றும் பிறகு கண்டார்கள்.

புழு உயிரோடு இருக்கும்வரை பலருக்கு ஒன்றும் தெரியாது. அது சாகத் தொடங்கும்போது சுற்றிலும் வீங்கும், அந்த வீக்கம்தான் நரம்பணுக்களைச் சீண்டுகிறது. மாஸ்டருக்கு அடுத்த சி.டி.யில் வளையம் கரைந்திருந்தது. இப்போது மாத்திரையும் இல்லை. என்னைப் பார்த்து "உனக்குப் புழுவாவது இருந்திருக்கலாம்" என்கிறார்.

29 நவம்பர் 2023, காலை 7:20

பேருந்து ஜன்னலில் தென்னை மரங்களுக்கு நடுவே வெயில் வெட்டி வெட்டி அடிக்கும்போது கை உதறுகிறது என்றவருக்கு: கண்ணை மூடுவதைவிட ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்துங்கள். வெளிச்சம் இரண்டு கண் வழியாகவும் போனால்தான் பலருக்கு மூளையில் போதுமான பரப்பு கிளம்புகிறது. மூடிய இமை வழியாகவும் மினுக்கல் போகும். 1997 டிசம்பர் 16-ல் ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு 12 தடவை மாறி மாறி மின்னியபோது ஒரே மாலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன்னால் வலிப்பு வந்ததே இல்லை. ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது விளக்கை மின்னவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

3 டிசம்பர் 2023, மாலை 5:45

இப்போது அந்த "எல்லோருக்கும் வர வேண்டாமா".

வலிப்பு எல்லா மூளைக்கும் வரும். மின்சாரம் வைத்தால் யாருக்கும் வரவைக்கலாம், மனநல மருத்துவத்தில் 1938-லிருந்து செய்கிறார்கள். உலகத்தில் பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வலிப்பு வரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏரிக்கரை மாதிரி. சிலருக்குக் கரை உயரம், சிலருக்குத் தாழ்வு. மரபணு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், தலைக்காயம், புழு எல்லாம் கரையைத் தாழ்த்துகின்றன. அன்றன்றைக்கு வரும் தண்ணீர் வேறு: தூக்கமின்மை, காய்ச்சல், விட்ட மாத்திரை, பல நாள் குடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவது (6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும், "குடியை விட்டதால் வந்தது" என்று திரும்பவும் குடிக்கிறார்கள்), சிலருக்கு மாதவிடாய். அது பிரமை இல்லை. புரொஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் காபாவுக்குக் கைகொடுக்கிறது, விலக்குக்கு முன் அது சட்டென்று இறங்கும்.

அந்தப் பையனுக்குத் தலைச்சூடு ஏறும் விதத்திலேயே ஏதோ வித்தியாசம் இருக்கலாம். இந்த வலிப்பு உள்ளவர்களுக்கு வெந்நீர் ஊற்றிக் காதுக்குள் அளந்து பார்த்தபோது சூடு மளமளவென்று ஏறி மெதுவாக இறங்கியிருக்கிறது. தீபாவளி அன்று இன்னொன்றும் சேர்ந்தது: 4 மணிக்கு எழுப்பியது. முந்தின ராத்திரி வெடி வெடித்துவிட்டு எத்தனை மணிக்குத் தூங்கினான்?

3 டிசம்பர் 2023, இரவு 8:30

டீ பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

கரை, தண்ணீர் என்று எழுதிவிட்டு என் பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். பெரிய வலிப்பு 9 தடவை. டீ அதிகம் குடித்த நாட்கள் என்று நான் குறித்த அத்தனையும் ஷிப்மென்ட் ராத்திரிகள். விடிய விடிய பேக்கிங், இரண்டு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ, ராத்திரி மாத்திரை பெட்டியிலேயே. தூக்கம் இல்லை, மாத்திரை இல்லை, பழி டீக்கு. அடினோசின் கதை தெரிந்திருந்ததால் இன்னும் உறுதியாக நம்பினேன். காரணம் சொல்லத் தெரிந்துவிட்டால் குற்றவாளியும் அதுதான் என்று முடித்துவிடுகிறோம். நன்றாகத் தூங்கி டீ குடித்த நாட்களை நான் எழுதியே வைக்கவில்லை. எழுதாத நாட்களை வைத்து எதை ஒப்பிடுவது?

13 வருஷம் டீ குடிக்காமல் இருந்திருக்கிறேன். திருப்பூரில்.

10 டிசம்பர் 2023, காலை 10:00

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். ஈ.ஈ.ஜி. சாதாரணமாக இருக்கிறதாம், "அப்போ ஒன்றுமில்லை" என்று பாட்டி மறுபடி அண்டாவை ஏற்றப் பார்க்கிறாராம். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த ஈ.ஈ.ஜி. சாதாரணமாக இருந்தால் வலிப்பு இல்லை என்று ஆகாது. வெந்நீர் வலிப்பில் பலருக்கு அப்படித்தான் இருக்கும். ஆடாத நேரத்தில் ஊஞ்சலைப் படம் எடுத்த மாதிரி. மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள். சிலருக்குப் பின்னால் வெந்நீர் இல்லாமலும் வர ஆரம்பிக்கிறது, அதனால் விட்டுவிட வேண்டாம்.

பாட்டியிடம் எண்ணெயை நிறுத்தச் சொல்ல வேண்டாம். எண்ணெய் இருக்கட்டும், சூடு மட்டும் குறையட்டும் என்றால் சம்மதிப்பார்.

"வெளியில் சொல்ல வேண்டாம், நாளைக்குப் பொண்ணு கிடைக்காது" என்று அவர் சொன்னதற்கும்: பையனுக்கு 8 வயசு! இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாக வைத்திருந்த சொல்லை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். என் பெண் பார்க்கும் படலத்தில் நான் முதலிலேயே சொன்னேன். மூன்று வீடு போனது. நாலாவது வீட்டில் "மாத்திரையை யார் ஞாபகப்படுத்துவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

16 ஜனவரி 2024, இரவு 11:20

போகி அன்று பையன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தானாம், அவனே சொம்பு பிடித்தானாம், ஒன்றும் வரவில்லையாம். ஒரு தடவையை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். தேதி போட்டு எழுதுங்கள், வராத நாளையும் எழுதுங்கள்.

நான் நேற்று ஒரு டீ குடித்தேன். இஞ்சி போட்டது. காலையில் கை வெட்டவில்லை. முந்தின ராத்திரி எட்டு மணி நேரத் தூக்கம், மாத்திரை சாப்பிட்டேன், மூன்றையும் குறித்துவிட்டேன்.

இன்னும் எழுத இருக்கிறது, வீட்டில் லைட்டை அணைக்கச் சொல்லி இரண்டாவது தடவை குரல் வருகிறது.